அம்மன் பானையில் குறைந்த அரிசி

உ
திருமுல்லைவாயில்
18-6-2025, புதன்

அன்புள்ள மாமாவுக்கு, கஸ்தூரி எழுதிக்கொள்வது.

நானும் மைதிலியும் நலம். எல்லையம்மனை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் ஷிஃப்டில் இருக்கும்போது உங்கள் போன் கேட்டில் செக்யூரிட்டியிடம் கிடக்கிறது. வெளியே வந்தால் தூங்கிவிடுகிறீர்கள். அப்படியே கிடைத்தாலும் நான் நாலு வார்த்தை அழுத்திப் பேசினால் "சரி, வை" என்கிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. படித்துத்தான் ஆக வேண்டும்.

நேற்று பரணில் ஏறினேன்.

நீங்கள் பெட்ரோல் மிச்சம், சாப்பாடு மிச்சம் என்று திருமழிசை கம்பெனி விடுதியிலேயே கட்டில் போட்டுக்கொண்டதிலிருந்து ஞாயிறு மட்டும்தான் வந்துகொண்டிருந்தீர்கள். இப்போது ஞாயிறும் ஓவர்டைம். ஒரு மாதமாக நீங்கள் வராததால் அடுப்படியில் பிடியரிசிச் செம்பு நிரம்பி வழிந்தது. வாரா வாரம் அதை உங்கள் கையில் கொடுப்பேன், நீங்கள் ஏணியில் ஏறிப் பரணில் இருக்கும் அம்மன் பானையில் கொட்டுவீர்கள். எனக்கு முழங்கால் தகராறு. ஆனாலும் எத்தனை நாள் செம்பை அப்படியே வைத்திருப்பது? மைதிலி ஏணியைப் பிடித்துக்கொள்ள, நானே ஏறிவிட்டேன்.

பானை வாயில் நான் போன ஆடியில் கட்டிய மஞ்சள் துணி கட்டினபடி இருந்தது. அவிழ்த்தேன். அடியில் ஒரு படி அரிசி இருந்தால் அதிகம். அதிலும் வண்டு.

கீழேயிருந்து மைதிலி, "இன்னாம்மா, எலி தின்னுடுச்சா?" என்றாள். தின்றுவிட்டுத் துணியைத் திரும்பக் கட்டி வைக்கிற எலியை நான் பார்த்ததில்லை.

இறங்கி உட்கார்ந்தபோதுதான் பொங்கல் சமயத்தில் நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது. "பாத்தியா கஸ்தூரி, இந்தத் தபா அரிசிச் சிப்பம் சீக்கிரத்துல தீரல. நீயும் பொழங்கக் கத்துக்கின." என்னைப் புகழ்கிறீர்கள் என்று அன்றைக்குக் கேசரி கிண்டினேன். நான் எப்போதும் அளக்கிற அளவைத்தான் அளந்தேன் மாமா. ஒரு அரிசி குறைக்கவில்லை.

உலை வைக்கும்முன் ஒரு பிடி அம்மனுக்கு என்று எடுத்து வைப்பது நான் இந்த வீட்டுக்கு வந்த மறுநாள் தொடங்கியது. ஆடி கடைசி ஞாயிற்றில் தெருவிலுள்ள எல்லா வீட்டுப் பானையும் கோயிலுக்குப் போகும். அந்த அரிசியில்தான் அன்றைக்கு அத்தனை பேருக்கும் சோறு. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பானையைத் தலையில் தூக்கிப் போகிறவரே நீங்கள்தான்.

ஒரே ஒரு கேள்வி. செம்பில் இருந்ததை வாரா வாரம் எங்கே கொட்டினீர்கள்?

இப்படிக்கு,
கஸ்தூரி


திருமழிசை
21-6-25

கஸ்தூரி, இன்லேண்டு கிடைத்தது. இரண்டரை ரூபாய். கார்டு ஐம்பது பைசா, இனி கார்டே போடு. அரிசியை நம் சமையல் அரிசி டிரம்மில்தான் கொட்டினேன். மறைக்க ஒன்றும் இல்லை, நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. பானையில் வண்டு பார்த்தேன். ஒரு வருஷம் சும்மா கிடந்து வண்டு தின்பதற்குப் பதில் நாம் சாப்பிட்டுவிட்டு, ஆடியில் மொத்தமாகப் போட்டுவிடலாம் என்று கணக்கு. ரேஷனில் நம் கார்டுக்குள்ள அரிசியில் இட்லிக்கு வேண்டியதை மட்டும் வாங்குகிறாய். மீதியையும் வாங்கிக் கொட்டு, இரண்டு மாதத்தில் பானை நிறைந்துவிடும். செலவு இல்லை. வருஷத்துக்கு ஒரு சிப்பம் மிச்சம். அரிசி அரிசிதான். நான் நலம். டீ நிறுத்திவிட்டேன். சனிக்கிழமை ராத்திரி இங்கே பெருமாள் கோயிலில் புளியோதரை, அன்றைக்குச் சாப்பாட்டுச் செலவும் இல்லை. ஆவடி, பூந்தமல்லி வழியாக வந்தால் உனக்குப் பஸ் இலவசம், எனக்கு டிக்கெட். பார்க்க வேண்டுமென்றால் நீ வா. கார்டில் இடம் இல்லை.

வீரராகவன்


உ
திருமுல்லைவாயில்
25-6-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கார்டை எனக்கு முன்னால் கன்னியம்மாள் படித்துவிட்டாள். சைக்கிளை விட்டு இறங்கும்போதே, "அக்கா, உன் ஊட்டுக்காரர் டீய நிறுத்திட்டாராமே! புளியோதரை துன்னுகினு கீறாராம்!" என்றாள். தபால்காரி மேல் தப்பில்லை, திறந்து கிடப்பதை யார்தான் படிக்க மாட்டார்கள்? எதிர் வீட்டு ஜன்னலில் இரண்டு தலை தெரிந்தது. நீங்கள் மிச்சம் பிடித்த இரண்டு ரூபாயில் நம் வீட்டுச் சங்கதி தெருவெல்லாம் போய்விட்டது. நான் இன்லேண்டில்தான் எழுதுவேன்.

அரிசி அரிசிதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் வாங்கிக் கொட்டினாலும் ரேஷனில் வாங்கிக் கொட்டினாலும் அது அரிசிதான், ஒப்புக்கொள்கிறேன். பிடியரிசி வேறு. உலைக்கு அளந்ததிலிருந்து, நம் வாய்க்குப் போக வேண்டியதிலிருந்து ஒரு பிடி குறைய வேண்டும். ரேஷன் அரிசியைப் பொங்கினால் அதிலும் பிடி எடுப்பேன், அதற்கென்ன. மொத்தமாக வாங்கிக் கொட்டி அம்மனிடம் கணக்கை முடிக்க மாட்டேன். பத்து மாதமாக அவள் சோற்றை நாம் மூன்று பேரும் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறோம்.

மிச்சம் பிடிப்பது எனக்குத் தெரியாதா? எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவள், கணக்கு எழுதத் தானாகக் கற்றுக்கொண்டேன். புளி வரத்து அதிகமாக இருக்கிற பங்குனியில்தான் வருஷத்துப் புளி வாங்குகிறேன். தபால் ஆபீசில் மைதிலி பேரில் மாதம் தவறாமல் கட்டுகிறேன். வெங்காயம் விலை ஏறினால் வெங்காயம் போடாத குழம்பு வைப்பேன். நீங்கள் குழம்பே எதற்கு என்கிறீர்கள். வண்டியை விற்றீர்கள், சரி என்றேன். மார்கழி முதல் மாசி வரை ஃப்ரிட்ஜை அணைத்தீர்கள், சிரித்துக்கொண்டு சரி என்றேன். அடுப்படிக்குப் பிடிதுணி வாங்காதே, என் பச்சைக் கரைத் துண்டைக் கிழித்துக்கொள் என்றீர்கள். எந்தத் துண்டு? பானை தூக்கும்போது சும்மாடு சுற்றுகிற துண்டு. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். இப்போது டீயும் போயிற்று. இதற்குச் சிக்கனம் என்று பேரில்லை மாமா, பைத்தியம்.

நாற்பத்தைந்தில் வேலையை விட்டுவிட வேண்டும், அதற்குள் இவ்வளவு சேர வேண்டும் என்கிறீர்கள். இன்னும் மூன்று வருஷம். சேரட்டும். அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலையில் எழுந்து என்ன செய்வீர்கள்? இதற்கு மட்டும் யோசித்து எழுதுங்கள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி ஆடி கடைசி ஞாயிறு. அதற்குள் இந்த வீட்டு உலையிலிருந்து எடுத்த பிடியால் பானை நிறைய வேண்டும். நிறைய வைப்பேன். நீங்கள் வந்து தூக்க வேண்டும். இலவச பஸ்ஸில் ஏறி நான் அங்கே வர மாட்டேன். வீடு இங்கே இருக்கிறது.

கஸ்தூரி


திருமழிசை
30-6-25
கார்டு ஒன்று

கஸ்தூரி, இரண்டு கார்டு சேர்த்தாலும் ஒரு ரூபாய்தான். திங்கட்கிழமை என்ன செய்வேன் என்று கேட்டாய். தூங்குவேன். இருபது வருஷமாக அடுத்தவன் அடிக்கிற மணிக்கு எழுந்திருக்கிறேன். தினகரன் அண்ணனை ஞாபகம் இருக்கிறதா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், மைதிலி பிறந்தபோது கூடை நிறைய மாம்பழத்தோடு வந்தார். நாற்பத்தொன்பதில் கம்பெனி அவரை அனுப்பிவிட்டது. புது மெஷின் வந்தது, ஆள் வேண்டாம். இதை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சொல்லாதது

கார்டு இரண்டு

இது. போன வருஷம் அம்பத்தூரில் ஒரு அடுக்குமாடிக்குக் கம்பெனி விஷயமாக முதலாளி காரில் போனோம். கேட்டில் நீலச் சட்டை போட்டு நின்றவர் காருக்கு சல்யூட் வைத்தார். தினகரன் அண்ணன். உள்ளே நான் இருப்பதைப் பார்த்தும் கையை இறக்கவில்லை. இறக்கக்கூடாது போல. எனக்கு சல்யூட் வைத்தார் கஸ்தூரி. அன்றைக்கு ராத்திரிதான் பானை அரிசி டிரம்முக்குப் போனது முதல் தடவை. அவர்கள் என்னை அனுப்பும்முன் நான் போய்விட வேண்டும். இது பைத்தியம் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும். பத்தாம் தேதி ஓவர்டைம் இரட்டைச் சம்பளம். வர முடியாது. இடம் இல்லை.

வீரராகவன்


உ
திருமுல்லைவாயில்
5-7-2025

அன்புள்ள மாமாவுக்கு,

தினகரன் அண்ணன் விஷயத்தை ஏன் ஒரு வருஷமாக என்னிடம் சொல்லவில்லை? கார்டில் எழுதினீர்களே, கன்னியம்மாளுக்கு என்னைவிட இரண்டு நிமிஷம் முன்னால் தெரிந்துவிட்டது. இந்தத் தடவை அவள் சத்தமாகப் படிக்கவில்லை. இரண்டு கார்டையும் கவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

பயப்படுவதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சேர்ப்பதையும் தடுக்க மாட்டேன். நாளைக்கே உங்களை அனுப்பிவிட்டாலும் வாடகை இல்லாத வீடு இருக்கிறது. மைதிலி படிப்புக்குக் கட்டி வைத்திருக்கிறேன். நான் மாவு அரைத்து விற்றாவது சமாளிப்பேன். இதையெல்லாம் நீங்கள் உங்கள் கணக்கில் எழுதவே இல்லையே, என்னையும் சேர்த்து?

நேற்று கோயிலுக்குப் போகிற வழியில் தினகரன் அண்ணன் வீட்டு அக்காவைப் பார்த்தேன். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். "டூட்டி முடிஞ்சா நேரா ஊட்டுக்கு வந்துடுவாரு. வந்ததும் சாப்ட்டு, டிவியப் போட்டுகினு, கத்திகினு கெடப்பாரு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவர் வேலை போனபிறகும் வீட்டில் சாப்பிடுகிறார் மாமா. நீங்கள் வேலை இருக்கும்போதே வீட்டில் சாப்பிடுவதில்லை.

தூங்குவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஒரு திங்கட்கிழமைக்குச் சரி. செவ்வாய்க்கிழமை?

பானைக்கு வழி செய்துவிட்டேன். பழைய அரிசியைப் புடைத்து, வண்டு போக வெயிலில் காய வைத்தேன். நொச்சி இலை போட்டுப் பானையைக் கீழேயே இறக்கி வைத்திருக்கிறேன், இனி வண்டும் வராது, பரணும் வேண்டாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. எப்படி என்று கேட்காதீர்கள். உங்கள் பணத்தில் ஒரு பைசா தொடவில்லை. பத்தாம் தேதி ஓவர்டைம் என்று இப்போதே எழுதிவிட்டீர்கள். அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. நானும் என் முடிவை மாற்றிக்கொள்வதாக இல்லை.

மைதிலி என் மேல் கோபமாக இருக்கிறாள். வயசு அப்படி.

கஸ்தூரி


திருமழிசை
12-7-25

கஸ்தூரி, வயசு அப்படி இல்லை. மைதிலி செக்யூரிட்டி நம்பருக்குப் போன் போட்டு அழுதாள். லைனை நிறுத்திவிட்டு ஓடினேன். இரண்டு வாரத்துக்கு மேலாக நீ ராத்திரி சாப்பிடுவதில்லை, மோர் குடித்துவிட்டுப் படுக்கிறாய், உன் பங்கு அரிசியைப் பானையில் போடுகிறாய். நேற்று துவைக்கிற கல் பக்கத்தில் உட்கார்ந்தவள் எழ முடியாமல் நம் தெரு முத்தம்மாள் வந்து தூக்கினாளாம். நான் டீயை நிறுத்தினால் பைத்தியம், நீ சோற்றை நிறுத்தினால் பக்தியா? எனக்கு நாற்பத்தைந்துக்குள் பணம், உனக்கு ஆடிக்குள் பானை. என்ன வித்தியாசம்? பதில் எழுது. இதற்கு இன்லேண்டிலேயே எழுது, எத்தனை ரூபாய் ஆனாலும் சரி.

வீரராகவன்


உ
திருமுல்லைவாயில்
21-7-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கார்டு வந்து ஒரு வாரம் ஆகிறது. கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. பதில் தெரியாமல் இருந்தேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். முதல் தாளில், அம்மனுக்குச் செய்வதும் பேங்குக்குச் செய்வதும் ஒன்றா என்று சண்டை பிடித்திருந்தேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் எனக்கே அது பதிலாகத் தோன்றவில்லை.

முத்தம்மாளிடம் போனேன். உங்களுக்குத் தெரியுமே, கோயில் சாவி அவள் கையில்தான், என்னோடுதான் அவளும் வாழ்க்கைப்பட்டு இந்தத் தெருவுக்கு வந்தாள். நடந்ததை முழுதாகச் சொன்னேன், நீங்கள் அரிசியை டிரம்மில் கொட்டினதையும் சேர்த்து. அவள் விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டாள்.

"அதுக்கு நீ இன்னா பண்ற?"

"ராத்திரி சோத்த விட்டுட்டேன்."

"ஏண்டி, வவுத்துல ஈரத்துணி கட்டிகினு புடி எடுத்துப் போட்டா அம்மா கேட்டாளா? அவ இன்னா வட்டிக்கட வெச்சிகினு கீறாளா, தேதிக்குள்ள கட்டுன்னு சொல்ல? சாப்புட்றவ எடுத்தாத்தாண்டி புடி. நீ சாப்புடவே இல்லன்னா அதுல அவளுக்கு எங்க பங்கு?"

எனக்குச் சுரீர் என்றது. நான் உங்களுக்கு எழுதினதுதான் அது. நம் வாய்க்குப் போவதிலிருந்து ஒரு பிடி என்று பெரிய நியாயம் எழுதினவள், வாய்க்கு ஒன்றும் போகாமல் மொத்தத்தையும் பானையில் போட்டிருக்கிறேன். தேதி வைத்து, அளவு வைத்து, கண்ணை மூடிக்கொண்டு. உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதா, முன்பே என்னிடம் இருந்ததா, தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மைதிலியை உட்காரவைத்து, அவளோடு சேர்ந்து சாப்பிட்டேன். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும். அவள் என் தட்டில் இரண்டாவது கரண்டி சோறு போட்டாள். அதற்குமுன் உலையில் எடுத்தது ஒரே ஒரு பிடி.

அதனால் பானை நிறையாது. இப்போது பாதிக்குச் சற்று மேலே இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். வாங்கி நிரப்ப மாட்டேன், பட்டினி கிடந்தும் நிரப்ப மாட்டேன். குறைந்த பானையை அப்படியே கோயிலுக்குக் கொண்டுபோகப்போகிறேன். கொட்டும்போது எல்லாருக்கும் தெரியும். யாராவது கேட்டால், இந்த வருஷம் எங்கள் வீட்டில் எடுத்துச் சாப்பிட்டுவிட்டோம் என்று சொல்வேன். "எடுத்தார்" என்று சொல்ல மாட்டேன். நானும்தானே சாப்பிட்டேன்.

என்னால் தூக்க முடியாது. அது மட்டும்தான் பாக்கி. நீங்கள் வராவிட்டால் முத்தம்மாளும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போவோம். வாசலில் நின்று உங்களுக்காகத் தாமதிக்க மாட்டேன்.

கஸ்தூரி

பி.கு: நீங்கள் லைனை நிறுத்திவிட்டு ஓடியதை மைதிலி சொன்னாள். சம்பளத்தில் பிடித்தார்களா?


திருமழிசை
29-7-2025

அன்புள்ள கஸ்தூரிக்கு,

கவரில் எழுதுகிறேன். ஐந்து ரூபாய் ஸ்டாம்பு. தபால் ஆபீசில் பையில் கையை விட்டுக் காசு எடுக்கும்போது கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்லவில்லை. ஆம், அரை நாள் பிடித்தார்கள்.

என் பக்கத்துக் கட்டில் ஜேசுராஜைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. கார்டில் அவனுக்கு இடம் இருக்கவில்லை. உன் கடிதம் வந்த அன்று முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணாத்தே, அண்ணி பக்கம் பக்கமா எழுதுது, நீ கார்டுல நாலு வரி கிறுக்கி அனுப்புற. உங்க ஊட்டுக் கதை வாட்ச்மேன் வரிக்கும் தெரியும்" என்றான். எல்லாவற்றையும் சொன்னேன். பிடியரிசி என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

"புடி அரிசியிலயா கை வெச்ச? எங்க சர்ச்சுக்கும் உண்டுண்ணா. ஊட்ல ஜெயகுமாரி ஞாயித்துக்கெழம பையில கட்டிகினு போய்ப் போடும். அந்த டப்பாவ நான் தொட்டனா வெச்சிக்கோ, தோசக்கரண்டி பறந்து வரும். நீ எப்டிண்ணா இன்னும் உசுரோட கீற?"

சிரித்தேன். ஆனால் மனசில் தங்கிவிட்டது.

போன சனிக்கிழமை வழக்கம்போலப் பெருமாள் கோயில் வரிசையில் நின்றேன். புளியோதரை கொடுக்கிறவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "சார் வாரா வாரம் வரீங்க. ஊடு பக்கத்துலயா?" என்றார். திருமுல்லைவாயில் என்றேன். "அம்மாந்தூரத்துலருந்தா! பெருமாள் மேல எவ்ளோ பக்தி பாரு" என்று பின்னால் நின்றவர்களிடம் என்னைக் காட்டினார். தொன்னை நிறைய வைத்து, மேலே இன்னொரு கரண்டியும் வைத்தார். ஒரு ராத்திரிச் சாப்பாட்டுக் காசுக்காக வந்தேன் என்று எப்படிச் சொல்வேன்? தொன்னையோடு ஓரமாக நகர்ந்தேன். அப்போது ஒரு அம்மா மடப்பள்ளி வாசலில் ஒரு செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். வாயில் துணி கட்டியிருந்தது. செம்பின் இடுப்பில், நம் செம்பு போலவே, ஒரு நசுங்கல். புளியோதரை கொடுக்கிறவர் துணியை அவிழ்த்து அரிசியைக் கூடையில் கொட்டிவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுத்தார். அவள் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நீ எடுத்து வைத்ததைத் தின்றேன். அது போதாதென்று யாரோ ஒருத்தி எடுத்து வைத்ததையும் வாரா வாரம் வந்து தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

உன் திங்கட்கிழமைக் கேள்விக்கும் பதில் வைத்திருக்கிறேன். நேற்று திங்கட்கிழமைதான். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் முழுக்கக் கரண்ட் இல்லை, லீவு விட்டார்கள். மணி அடிக்கவில்லை. நான் ஆசைப்பட்ட அதே திங்கட்கிழமை. வழக்கமான நேரத்துக்கே முழிப்பு வந்துவிட்டது. துவைத்த சட்டையை எடுத்து மறுபடி துவைத்தேன். ஜேசுராஜ் ஊட்டுக்குப் போறேன் என்று கிளம்பிவிட்டான். நானும் கிளம்பலாம் என்று சட்டை மாட்டினேன். பூந்தமல்லிக்கு எவ்வளவு, அங்கிருந்து ஆவடிக்கு எவ்வளவு என்று டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்தேன். சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பப் படுத்தேன்.

படுத்துக்கொண்டு பயந்துபோனேன். நாற்பத்தைந்திலும் இதைத்தானே செய்வேன்? பணம் எவ்வளவு இருந்தாலும் டிக்கெட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றுவேன்.

தினகரன் அண்ணனைப் பார்க்கப் போனேன், சாயங்காலம், டிக்கெட் வாங்கிக்கொண்டு. முழுக்க நேரில் சொல்கிறேன், இங்கே ஒன்று மட்டும். அந்த சல்யூட்டைப் பற்றிக் கேட்டேன். "அதுவா? உன்ன பாத்த சந்தோஷத்துல வெச்சேண்டா, நீ மூஞ்ச திருப்பிக்கின" என்றார். அது நிஜமா, என்னைத் தேற்றச் சொன்னதா, தெரியவில்லை.

விடுதிக் கட்டிலைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒன்பதாம் தேதியோடு முடிகிறது. இனி தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ஓவர்டைம் மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும். இப்படிப் போனால் நாற்பத்தைந்து ஆகாது, ஐம்பத்திரண்டு ஆகும். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். அதற்குள் கம்பெனி அனுப்பிவிட்டால் உன் மாவு வியாபாரத்தில் கிரைண்டர் கழுவுகிறேன். ஆனால் சேர்ப்பதை விட மாட்டேன், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஃப்ரிட்ஜை மார்கழியில் அணைத்தே தீருவேன்.

வரும்போது ஒரு சிப்பம் வாங்கி வந்து பானையை நிரப்பிவிடலாமா என்று கை துடிக்கிறது. வாங்க மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பாதிப் பானையைத் தெருவழியாகத் தூக்கிப் போகத்தான் வேண்டுமா? எல்லாரும் பார்ப்பார்களே?

வீரராகவன்


திருமுல்லைவாயில்
2-8-2025

மாமா, இந்த ஒரு தடவை கார்டிலேயே எழுதுகிறேன். கன்னியம்மாளும் படிக்கட்டும், உங்கள் வாட்ச்மேனும் படிக்கட்டும். தூக்கித்தான் போக வேண்டும், தெருவழியாகத்தான். பின்வாசல் வழியாக எடுத்துப்போனால் நாம் இரண்டாவது தடவை எடுத்துக்கொண்டது போல ஆகும். நான் பக்கத்தில் நடந்து வருவேன். ஒன்பதாம் தேதி ராத்திரி வீட்டில் சாப்பாடு. ஞாயிறு காலை உலை வைக்கும்முன் நீங்கள் பிடி எடுத்துப் போட வேண்டும், இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட நீங்கள் போட்டதில்லை. டீ போட்டு வைப்பேன், குடிக்க வேண்டும். மார்கழியில் ஃப்ரிட்ஜை அணையுங்கள். தை பிறந்ததும் நான் போட்டுவிடுவேன்.

கஸ்தூரி


திருமழிசை
5-8-25

கஸ்தூரி, வருகிறேன். ஜேசுராஜும் ஜெயகுமாரியும் சாப்பிட வருகிறார்களாம், "குறஞ்ச பானைச் சோத்த நான் துன்னே ஆவணும்" என்கிறான். பாதிப் பானை நிறைந்த பானையைவிடத் தூக்கக் கஷ்டம், உள்ளே அரிசி அலைபாயும், தலையில் நிற்காது. சும்மாடு கெட்டியாக இருக்க வேண்டும். அந்தப் பச்சைக் கரைத் துண்டைக் கிழித்துவிட்டாயா?

வீரராகவன்


திருமுல்லைவாயில்
7-8-2025

மாமா, இந்தக் கார்டு போய்ச் சேருமுன் நீங்களே வந்துவிடலாம். இருந்தாலும் எழுதுகிறேன். துண்டைக் கிழிக்கவில்லை. துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

கஸ்தூரி